புகையில் ஒளிந்த குதிரைகள்

எஞ்சின் கக்கும் புகை வீண்தானே? இல்லை என்றார் ஸ்விட்ஸர்லாந்து எஞ்சினீயர் ஆல்பிரட் ப்யூக்கி. அந்தப் புகையின் வேகத்தாலேயே காற்றை அமுக்கி எஞ்சினுக்குள் திணிக்கும் யுக்தியை 1905-இல் பதிவு செய்தார்.

இத்தாலியில் என்ஸோ பெராரியின் தொழிற்சாலை அதை இரட்டையாக்கிற்று. பெரிய டர்போ ஒன்று வேகம் பிடிக்கத் தாமதமாகும். நான்கு சிலிண்டருக்கு ஒன்றாகச் சிறியவை இரண்டு வைத்தால் சீக்கிரம் சுழலும். 1984-இல் வந்த 288 ஜிடிஓ, ‘குரூப் பி’ பந்தயத்துக்கென்றே பிறந்தது. 1986-இல் நேர்ந்த உயிர்ப்பலிகளோடு அந்தப் பந்தயம் நின்றது. கற்ற வித்தை நிற்கவில்லை. 1987-இல் எப்40 வந்தது: மூன்று லிட்டருக்கும் குறைந்த எஞ்சின், 478 குதிரைச் சக்தி!

மறு வருஷம், தொண்ணூறாம் பிராயத்தில், என்ஸோ காலமானார். களமிழந்த எஞ்சினே கிழவரின் கடைசிப் பெருமையாயிற்று.