தீட்டுகல்லும் மரப்பெட்டியும்

தோட்ட வரலாறு எழுதப் புகுந்தோர் ஏக்கரையும் ஏற்றுமதியையும் எண்ணினர். தொழிலாளியின் கைக்கருவியை எண்ணினாரல்லர். இரத்தினபுரி, கேகாலை மாவட்டங்களைக் கொண்ட சப்பிரகமுவ மாகாணம் 1889இல் அமைந்தது. அதற்கு முன்னரே, 1876இல், பிரேசில் வித்தில் முளைத்த இறப்பர்க் கன்றுகள் இலண்டன் கியூ பூங்காவிலிருந்து கம்பஹாவின் ஹெனரத்கொடையை அடைந்திருந்தன. இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் அப்பயிர் இம்மாகாணச் சரிவுகளிலும் பரவியது.

இறப்பர்ப் பால் மரப்பட்டையின் நுண்குழாய்களில் உள்ளது. அதனை அடுத்திருப்பது வளர்படை. கத்தி ஆழப் பாய்ந்தால் வளர்படை புண்படும். மீள வளரும் பட்டை முடிச்சு முடிச்சாகும். மேலோட்டமாக வெட்டினால் பால் குறையும். மழுங்கிய கத்தியோ பட்டையைச் சீவாது கிழிக்கும். ஆதலின், விடியலில் பால்வெட்டச் செல்வோரின் திறன் தீட்டுகல்லிலேயே தொடங்குகின்றது.

அக்கல்லைக் காப்பதும் ஒரு கலையே. மரக்கட்டையைக் கல்லின் அளவுக்குக் குடைந்து, மேற்பாதி வெளியே நிற்குமாறு கல்லைப் பொருத்தி, மூடியையும் அவ்வாறே குடைந்து கவிப்பது தச்சர் முறை. கல் அசையாது, எளிதில் உடையாது, மணல் படிந்து அலகைக் கெடுக்காது. ஈரமரம் பின்னர்ச் சுருங்கிக் கல்லை இறுக்குமாதலால் நன்குலர்ந்த மரமே ஏற்றது.

இத்தகைய நுட்பம் அறிந்த கைகளுக்கு உரியோருட் பெரும்பாலோரை 1948ஆம் ஆண்டின் குடியுரிமைச் சட்டம் நாடற்றோராக்கியது. 1964ஆம் ஆண்டின் சிறிமா-சாஸ்திரி உடன்படிக்கை 525,000 பேரை இந்தியாவுக்கும் 300,000 பேரை இலங்கைக்கும் எனப் பங்கிட்டு, எஞ்சிய 150,000 பேரைப் பின்னைய முடிவுக்கு விட்டது. அவ்வெண்களில் கைத்திறனுக்கு இடமில்லை. லயத்து அறைகளில் எஞ்சியுள்ள கத்தியும் கல்லும் பெட்டியுமே அதற்குச் சான்று. அவை விறகாகுமுன் திரட்டுதல் நம் கடன்.