பலகைக் கிணறு

திருவிழாத் திடல்களிலும் பொருட்காட்சிகளிலும் 'மரணக் கிணறு' என்ற பெயரில் நடத்தப்படும் மோட்டார் சைக்கிள் சாகசத்தின் வரலாறு, சைக்கிள் பந்தயத்திற்கென வளைவுகளில் ஓரம் உயர்த்திக் கட்டப்பட்ட மரத்தளங்களிலிருந்து தொடங்குகிறது. அத்தகைய தளங்களைக் கட்டித் தேர்ந்த ஜாக் பிரின்ஸ், 1910இல் லாஸ் ஏஞ்சலிஸ் அருகே பிளாயா டெல் ரேயில் மோட்டார் வண்டிகளுக்கான பெரிய பலகை ஓடுதளத்தை எழுப்பினார். 'மோட்டார்டிரோம்' எனப்பட்ட இவ்வகைத் தளங்கள் அமெரிக்காவில் விரைவாகப் பெருகின. 1912 செப்டம்பரில் நியூவார்க் தளத்தில் எடி ஹாஷாவின் வண்டி விளிம்பைத் தாண்டிப் பாய்ந்ததில் அவரோடு பார்வையாளர் சிலரும் மாண்டனர்.

இதற்கிடையில் கேளிக்கைக்காரர்கள் இதே தளத்தைச் சுருக்கித் தங்கள் திடலுக்குள் கொண்டுவந்திருந்தனர். 1911இல் நியூயார்க்கின் கோனி தீவில் இடம்பெற்ற சிறு மோட்டார்டிரோமின் வழிவந்தவற்றில், இடம் குறையக் குறையச் சரிவு கூடி, சில ஆண்டுகளிலேயே சுவர் செங்குத்தாக நின்றுவிட்டது. பிரிட்டனுக்கு இக்கலை 1929இல், சவுத்எண்ட் நகரின் குர்சால் கேளிக்கைப் பூங்கா வழியாக வந்து சேர்ந்தது.

புகழ் முழுவதும் ஓட்டுநருக்கே போய்ச் சேர்ந்தாலும், இக்கலையில் பாதி தச்சுவேலை என்பதே உண்மை. வளைந்த பலகைத் துண்டங்களை வட்டமாக நிறுத்தி, ஒன்றோடொன்று போல்ட்டால் இறுக்கி, வெளிப்புறத்தில் எஃகு வடம் சுற்றிக் கட்டினால்தான் கிணறு உருவாகிறது. அதைப் பிரித்து லாரியில் ஏற்றி அடுத்த ஊரில் மீண்டும் பூட்டும் வேலையும் பெரும்பாலும் அதே குழுவினருடையதே. தரைக்கும் சுவருக்கும் இடையே அமையும் சரிவுப்பலகையில் வேகம் பிடித்த பின்னரே வண்டி சுவரில் ஏறுகிறது. மையவிலக்கு விசை வண்டியைச் சுவரோடு ஒட்டவைக்கிறது என்று பொதுவாகச் சொல்வார்கள். வட்டத்தில் சுழலும் வண்டியைச் சுவர் உள்நோக்கித் தள்ளுகிறது, அத்தள்ளலால் பிறக்கும் உராய்வு டயரை வழுக்காமல் தாங்குகிறது என்பதே சரியான விளக்கம். 30 அடி குறுக்களவுள்ள கிணற்றில் மணிக்கு 40 கி.மீ. வேகத்தில் சுற்றுபவர் மீது அவருடைய எடையைப் போல் ஏறக்குறைய மூன்று மடங்கு அழுத்தம் விழுவதால், புதிதாகப் பழகுவோருக்குத் தலை சுற்றுவது இயல்பு.

மேலைநாட்டுக் குழுக்கள் 1928 முதல் 1931 வரை வெளிவந்த இந்தியன் 101 ஸ்கவுட் வண்டியை, அதன் தாழ்ந்த எடைமையத்துக்காக இன்றும் கைவிடவில்லை. இந்தியாவில் அந்த இடத்தைப் பிடித்தது யமஹா ஆர்எக்ஸ் 100. எடை குறைந்த, ஆக்சிலரேட்டரை முறுக்கியவுடன் துள்ளும் இந்த 98 சிசி டூ-ஸ்ட்ரோக் வண்டியின் உற்பத்தி 1996இல் நின்றபின்னும் கிணறுகளில் அது ஓடிக்கொண்டிருந்தது. மாருதி 800 காரையும் சுவரில் ஏற்றிக் காட்டுவது இந்தியக் கிணறுகளில் காணும் துணிச்சல்.

காப்பீடு கிடைப்பது அரிது என்பதால், காட்சி முடிந்ததும் பார்வையாளர் காசுகளைத் தளத்தில் வீசி ஓட்டுநருக்கு உதவுவது பிரிட்டனில் வழக்கமானது. இந்தியப் பார்வையாளரோ மேல்தட்டின் கம்பியைப் பிடித்துக் குனிந்து ரூபாய்த் தாளை நீட்டுகிறார். அதைப் பறிக்க ஓட்டுநர் கைப்பிடியிலிருந்து ஒரு கையை எடுத்துக்கொண்டு, வண்டி தவறினால் வெளியே போய் விழக்கூடிய அந்த விளிம்புக்கே ஏறிவர வேண்டியிருக்கிறது.