வில்லியம் லோங்சாம்ப்: குலப்பழியும் வரலாற்று உண்மையும்

மத்தியகால இங்கிலாந்தின் அரசியல் வரலாற்றில் வில்லியம் லோங்சாம்ப்பைப் போன்று விரைவாக உயர்ந்து, விரைவாக வீழ்ந்த அதிகாரிகள் மிகச் சிலரே. ஆயினும் அவரைப் பற்றிய பொதுக்கருத்தை உருவாக்கியோர் பெரும்பாலும் அவருடைய பகைவர்களேயாவர். அவர்கள் அவரது ஆட்சியை மட்டுமன்றி அவரது பிறப்பையும் பழித்தனர். அப்பழி எத்துணை உண்மையானது என்பது ஆராயத்தக்கது.

1189ஆம் ஆண்டில் முதலாம் றிச்சாட் முடிசூடியபோது லோங்சாம்ப்பின் ஏற்றம் தொடங்கியது. றிச்சாட் அக்குவிற்றேன் பகுதியின் தலைவனாக இருந்த காலத்திலேயே அவர் அவனது நம்பிக்கையைப் பெற்றிருந்தார். 3,000 பவுண் செலுத்தி அரச முத்திரைக்குப் பொறுப்பான சான்சலர் பதவியைப் பெற்றார். அதே ஆண்டில் ஈலி நகரின் ஆயருமானார். மன்னன் சிலுவை யுத்தத்துக்குப் புறப்பட்டபின் அவனுக்குப் பதிலாக ஆட்சி நடத்தும் யஸ்டிசியர் பதவியும், 1190இல் பாப்பரசரின் பிரதிநிதி என்ற தகுதியும் அவரை வந்தடைந்தன. அரசு, நீதி, திருச்சபை ஆகிய மூன்றும் இவ்வாறு ஒருவர் கையில் ஒடுங்கின.

இவ்வதிகாரத்தில் அவருடைய குடும்பத்தினரும் பங்கு பெற்றனர். சகோதரர்களான ஒஸ்பேட்டும் ஹென்றியும் மாகாணங்களில் ஷெரிப்புகளாயினர். சகோதரி றிச்செயுவின் கணவர் டோவர் கோட்டையின் காவலராக இருந்தார். பழைய பிரபுக்கள் வெகுண்டமைக்கு இதுவும் ஒரு காரணமாகும். மன்னனின் தம்பியான யோன் அவ்வெறுப்பைத் தனக்குச் சாதகமாக்கிக் கொண்டான்.

1191 செப்ரெம்பரில் யோர்க் பேராயர் யெப்றி டோவரில் வந்திறங்கியபோது, அவர் அடைக்கலம் புகுந்த மடத்திலிருந்து பலவந்தமாகக் கைதுசெய்யப்பட்டார். லோங்சாம்ப் தம் இளமையில் பணிபுரிந்தது இதே யெப்றியிடத்தில் என்பது கவனிக்கத்தக்கது. இச்செயல் நாடெங்கும் கொதிப்பை ஏற்படுத்தியது. ஒக்ரோபரில் லண்டனில் கூடிய சபை லோங்சாம்ப்பைப் பதவி நீக்கியது. அவர் கடல் கடந்து தப்பியோடினார்.

இவ்வீழ்ச்சியின் பின்னரே கொவென்றி ஆயர் ஹியூ டி நொனன்ற் தமது புகழ்பெற்ற கடிதத்தை வரைந்தார். லோங்சாம்ப் பெண்ணுடை தரித்துத் தப்ப முயன்றதாக எள்ளி நகையாடிய அவர், அவரது பாட்டன் ஓடிப்போன பண்ணையடிமை எனவும் எழுதினார். நொனன்ற் யோனின் கட்சியைச் சார்ந்தவர் என்பதை மறத்தலாகாது. சான்றுகளோ வேறுவிதமாகப் பேசுகின்றன. லோங்சாம்ப் குடும்பம் நோர்மண்டியில் அதே பெயருடைய ஊரைச் சேர்ந்தது. தந்தை ஹியூ அங்கு படைச்சேவைக் கடப்பாட்டுடன் நிலம் வைத்திருந்தார். இங்கிலாந்தின் ஹெரபோட் பகுதியிலும் அவருக்கு நிலம் இருந்தது. இரண்டாம் ஹென்றியின் காலத்தில் அவர் அரசனுக்குக் கடன்பட்டு மதிப்பிழந்தார். ஆகவே இக்குடும்பம் பெருங்குடியன்று, அடிமைக்குடியுமன்று. நொடித்துப்போன சிறு நிலவுடைமைக் குடும்பம் என்பதே பொருந்தும்.

லோங்சாம்ப்பிடம் குறைகள் இல்லாமலில்லை. அவர் அகந்தை கொண்டவர், உறவினரை உயர்த்தியவர், ஆங்கில மக்களின் மனப்போக்கை அறியாதவர். ஆனால் மன்னனுக்கு அவர் துரோகம் இழைத்தாரல்லர். 1193இல் ஜேர்மனியில் றிச்சாட் சிறைப்பட்டிருந்தபோது அவனைத் தேடிச் சென்று விடுதலைப் பேச்சுக்களில் ஈடுபட்டார். யோனோ அதே வேளையில் பிரான்சிய மன்னனுடன் சேர்ந்து சதி செய்தான். 1197 ஜனவரியில் புவாத்தியேயில் இறக்கும்வரை சான்சலர் பதவி லோங்சாம்ப்பிடமே இருந்தது. எதிரிகளின் எழுத்தைவிட மன்னனின் இந்நம்பிக்கை வலுவான சான்றாகும்.

ஆட்சியிற் கண்ட குற்றங்களைச் சுட்டுவது நியாயமான விமரிசனம். அவற்றோடு நில்லாது நொனன்ற் பாட்டனின் குலத்தைத் தேடிச் சென்றார். பிரபுக்கள் நிறைந்த ஒரு சமுதாயத்தில் ஒருவரை வீழ்த்தப் பிறப்பே கூரிய ஆயுதமாயிற்று. அவ்வாயுதம் எழுதிய வரிகளை நூற்றாண்டுகள் பல வரலாறாக வாசித்தன என்பதே இவ்வாழ்க்கை உணர்த்தும் எச்சரிக்கையாகும்.