வேண்டாமல் வந்த வயல்கள்

1929-இல் தொடங்கிய உலகப் பொருளாதார மந்தத்தைப் பற்றிப் பேசுவோர் நியூயார்க் பங்குச் சந்தையின் வீழ்ச்சியையும் ஐரோப்பியத் தொழிற்சாலைகளின் கதவடைப்பையுமே விஸ்தாரமாக எடுத்துரைப்பர். பர்மாவின் ஐராவதிக் கழிமுகத்தில் நெல் விலை சரிந்ததனால் செட்டிநாட்டு வட்டிக்கடைகளுக்கு நேர்ந்த விபரீதமோ அந்த விருத்தாந்தங்களில் அபூர்வமாகவே இடம்பெறுகிறது.

1852-இல் கீழ்ப் பர்மா ஆங்கிலேயர் வசமான பின்னர், அதிலும் 1869-இல் சூயஸ் கால்வாய் திறந்து ஐரோப்பியச் சந்தை நெருங்கி வந்த பின்னர், காடும் சதுப்புமாகக் கிடந்த அப்பிரதேசத்தை வயலாக்கிய பர்மியக் குடியானவனுக்கு முதல் தேவைப்பட்டது. ஆங்கிலேய வங்கிகள் அவனை ஏறெடுத்தும் பாராத நிலையில், கொண்டுவிற்க, அதாவது கடல் கடந்து தொழில் நடத்தப் போன நகரத்தாராகிய செட்டிநாட்டுச் செட்டியார்கள் இரங்கூன் மொகல் தெரு முதல் உட்புறச் சிற்றூர்கள் வரையில் கடை வைத்து, மேலாள், அடுத்தாள், பெட்டியடிப் பையன் என்ற கிரமத்தில் ஆட்களை அமர்த்தி, நிலத்தை ஈடாகப் பெற்றுக் கடன் கொடுத்தனர். 1930-இல் மாகாண வங்கி விசாரணைக் குழு அவர்களுடைய பர்மா முதலை ஏறத்தாழ 75 கோடி ரூபாய் என மதிப்பிட்டது. வட்டி இலேசானதன்று, ஆயினும் அவர்களுக்கு நிலத்தின்மீது மோகம் இருந்ததென்று சொல்வது நியாயமாகாது. கொடுத்த பணம் திரும்பி வந்து மறுகடனாகப் போவதே லேவாதேவியின் ஜீவன். வயலில் முடங்கிய பணத்தால் வட்டிக்கடைக்காரருக்கு என்ன பிரயோஜனம்?

நெல் விலை பாதிக்கும் கீழே இறங்கவே, நல்ல விலைக் காலத்தில் வாங்கிய கடனை அடைக்க வழியின்றிக் குடியானவன் நிலத்தை இழந்தான். கீழ்ப் பர்மாவின் 13 முக்கிய நெல் மாவட்டங்களில் 1930-இல் நூற்றுக்கு 6 பங்காக இருந்த செட்டியார் நிலவுடைமை, 1937-க்குள் நூற்றுக்கு 25 பங்காயிற்று. தாராவதியில் 1930 டிசம்பரில் சாயா சான் என்பவர் தலைமையில் மூண்ட குடியானவர் கிளர்ச்சி முக்கியமாக வரிக்கொடுமையை எதிர்த்ததேயாயினும், விலையை நிர்ணயித்த தூர தேசத்துச் சந்தை கண்ணுக்குத் தெரியாததாகவும், நிலப் பத்திரத்தில் பெயர் எழுதிக்கொண்ட கடைக்காரர் எதிரே தெரிபவராகவும் இருந்தமையால், பர்மியரின் துவேஷம் பின்னவர்மீதே நிலைத்தது. அது அறியாமை என்று நாம் ஒதுக்கிவிடலாம்; நிலத்தை இழந்தவனுக்கு அந்த விசாரணை அவசியமில்லை.

1937-இல் பர்மா இந்தியாவினின்று பிரிந்தது. 1942-இல் ஜப்பானியப் படை நுழைந்தது. அங்கிருந்த இந்தியர் பல்லாயிரவர் மலையும் காடும் கடந்து நடந்தே தாயகம் சேர்ந்தனர். சுதந்திர பர்மா 1948-இல் நில தேசியமயச் சட்டம் இயற்றியது. 1963-இல் வங்கிகளும், மறு ஆண்டில் கடைகளும் அரசுடைமையாயின. எஞ்சியிருந்த இந்திய வியாபாரிகளில் பெரும்பாலோர் கப்பலேறினர்.