சும்மா இருக்கிற கணினி ஏன் துடிக்குது?

ஒரு வேலையும் குடுக்காமல் விட்ட மேசைக் கணினியில் புரொசசரின் வோல்ற்றளவு 0.9, 1.4 எண்டு ஏறி இறங்கினால் கனபேர் பயந்து பவர் சப்ளையை மாத்தப் போயிடுவினம். காசைச் செலவழிக்க முதல் வரலாற்றைக் கொஞ்சம் பார்ப்பம்.

1993இல் வந்த முதல் பென்ரியத்துக்கு 5 வோல்ற். வேலை இருந்தாலும் இல்லாவிட்டாலும் அதேதான். அடுத்த வருடமே புதிய பென்ரியங்கள் 3.3 வோல்ற்றுக்கு இறங்கின. காரணம் சூடு. ட்ரான்சிஸ்ரர்கள் மாறும்போது எடுக்கும் வலு, வோல்ற்றளவின் வர்க்கத்தோடு கூடும். வோல்ற்றளவைப் பாதியாக்கினால், அதே மீடிறனில் வலு காற்பங்காகிவிடும்.

2000இல் இன்ரெலின் ஸ்பீட்ஸ்டெப், மடிக்கணினியின் பற்றரியைக் காப்பாத்த 1.6 வோல்ற்றை 1.35 ஆக இறக்கியது. 2003இல் ஏஎம்டியின் அத்லோன் 64, 'கூல் அன்ட் குவைட்' என்ற பெயரில் இதே வித்தையை மேசைக் கணினிக்குக் கொண்டுவந்தது. அப்ப இருந்தது ஒருசில படிகள்தான். 2017இல் வந்த ரைசன் போன்றவை செக்கனுக்குள் பலதரம் மாறும்.

உண்மையில் கணினி சும்மா இருப்பதில்லை. பின்னணியில் சின்ன வேலை வந்தவுடன் ஒரு கோர் உச்ச மீடிறனுக்குப் பாய்ந்து, முடித்துவிட்டுத் தூங்கும். அந்தப் பாய்ச்சலுக்குத்தான் கூடின வோல்ற்றளவு. மின்னோட்டம் சொற்பம் என்பதால் சூடும் சொற்பம். அளக்கிற மென்பொருளே சிலவேளை தூங்கும் கோரைத் தட்டி எழுப்பிவிடும்.

ஆகவே வெப்பநிலையைப் பாருங்கோ. வேலையில்லாத நேரத்திலும் அது ஏறிக்கொண்டே போனால், அல்லது கணினி தானாக நிண்டால், அப்ப திருத்துறது பற்றி யோசிக்கலாம்.