தியாகம் என்னும் சொல்லும் சித்தூர் நாகையாவும்

நடிகரும் பாடகருமான சித்தூர் வி. நாகையா (1904–1973) பிறந்த ஊர் குண்டூர்ப் பகுதியைச் சேர்ந்த ரேபல்லெ ஆகும். எனினும், ஸ்ரீராமவிலாச சபையின் நாடக மேடையில் அவரை வளர்த்த சித்தூரே அவர்தம் பெயரின்முன் நிலைபெற்றது. கலைஞர் பெயரின் முன்வரும் ஊர்ப்பெயர் பிறப்பிடத்தைச் சுட்டுதல் பெருவழக்கு. இங்கு அது புகழ் தோன்றிய இடத்தைச் சுட்டுகின்றது. 1911இல் அமைந்த சித்தூர் மாவட்டம், அந்நாளில் திருப்பதியையும் உள்ளடக்கி, 1953 வரை சென்னை ஆட்சிப் பகுதியில் இருந்தது. இருமொழியும் வழங்கிய அம்மண்ணின் மேடையில் உருவானவர் 'அசோக்குமார்' (1941), 'மீரா' (1945) ஆகிய படங்களின்வழித் தமிழருக்கும் உரியவரானார்.

'தியாகய்யா' (1946), 'யோகி வேமனா' (1947) ஆகிய தெலுங்குப் படங்களில் அவர் ஏற்ற வேடங்கள் அவரை மக்கள் மனத்தில் ஓர் அடியாராகவே பதித்தன. திரைக்கு வெளியிலும் அவர் கேட்டவர்க்கு வாரி வழங்கியவர் என்பது பலரும் அறிந்த செய்தி. அதே வேளையில் அவர் தொழில்முனைவோருமாவார். 1953இல் 'நா இல்லு', 'என் வீடு' என இரு மொழிகளிலும், 1964இல் 'பக்த ராமதாசு' என்றும் படங்களை உருவாக்கினார். தயாரிப்பில் நேர்ந்த இழப்புகளும் சேர, இறுதிக் காலத்தில் வறுமையுற்றுச் சிறு வேடங்களை ஏற்க நேர்ந்தது. 1965இல் பெற்ற பத்மஸ்ரீ விருதும் இந்நிலையை மாற்றவில்லை.

இவ்வாழ்வை எழுதுவோர் 'தியாகம்' என்ற சொல்லை எளிதில் கையாளுகின்றனர். அச்சொல்லின் வரலாறு இங்குக் கருதத்தக்கது. விக்கிரம சோழனின் 'தியாகசமுத்திரன்' என்னும் பட்டத்தில் அது கொடையைக் குறித்தது. அங்குக் கொடுப்பவன் குறைவுபடுவதில்லை. இக்காலத் தமிழிலோ, விடுதலைப் போராட்டச் சூழலில் பரவிய 'தியாகி' என்ற வழக்கில் காண்பதுபோல, தன்னலம் துறந்து இழத்தல் என்ற பொருளே மேலோங்கி நிற்கிறது.

ஆகவே, தெலுங்கில் 'த்யாகமு' எனக் காணும் இடத்தில் 'தியாகம்' என்று எழுதி அமையும் மொழிபெயர்ப்பாளர், தம்மையறியாமல் ஒரு விளக்கத்தையும் உடன் தருகிறார். நாகையாவின் வறுமை அவரே மேற்கொண்ட நோன்பாகத் தோன்றுகிறது. திரைத்தொழிலின் நிலையாமை மறைகிறது. முதுமையில் ஒரு கலைஞரைக் காக்கத் தவறிய சமூகத்தின் பொறுப்பும் மறைகிறது. வேடத்தின் ஒளி மனிதரின் துயரை மூடிவிடுகிறது. 'ஈகை' என்று மட்டும் பெயர்த்தாலோ பின்வந்த இழப்பு விடுபட்டுப்போகும்.

இவ்விடத்தில் ஒரு பெயர்ச்சொல்லைவிட இரு வினைகளே பொருந்துவன: ஈந்தார், இழந்தார். ஈந்தது அவர் விருப்பம். இழந்ததனைத்தும் அவர் விருப்பம் அன்று. இவ்வேறுபாட்டைக் காக்கும் மொழிபெயர்ப்பே அவருக்கு நேர்மை செய்வதாகும்.