மிடற்றில் நின்றது

முத்துசுவாமி தீட்சிதர் திருத்தணி மலைக்கு வந்தபோது முதியவர் ஒருவர் அவர் வாயில் கற்கண்டை இட்டார் என்றும், அந்த இனிப்பிலிருந்தே அவருடைய முதல் கீர்த்தனை பிறந்தது என்றும் மரபு சொல்கிறது. சில ஆண்டுகளுக்கு முன் நாங்கள் அதே மலையில் பிரசாதப் பொங்கல் உண்டுகொண்டிருந்தோம். உடன் வந்த நண்பர் இரண்டாம் கவளத்திலேயே நெஞ்சைப் பிடித்துக்கொண்டு நின்றுவிட்டார். தண்ணீர் குடித்தும் இறங்கவில்லை. ஓரமாகப் போய் உமிழ்ந்துவிட்டு வந்தார். ஆறு ஆண்டுகளாக அதற்கு வாயு என்றும் மனப்பிரமை என்றும் பெயர் சொல்லிவந்தார்கள். பிறகுதான் அகலேசியா என்ற பெயர் தெரிந்தது.

அருணகிரிநாதர் இத்தலத்துத் திருப்புகழ் ஒன்றில் மானுடப் பிணிகளை வரிசையாக அடுக்கி, அவை எப்பிறவியிலும் நெருங்காதிருக்க வேண்டுகிறார். இருமலில் தொடங்கும் அப்பட்டியலில் நீரிழிவும் சோகையும் உண்டு. விழுங்க இயலாமை இல்லை. ஆனால் கழுத்தில் எழும் கட்டிகளைக் களமாலை என்கிறார். களம் என்றால் மிடறு. இலங்கைத் தமிழ்ப் பாடநூல்கள் உணவுக்குழாயைக் களம் என்றே வழங்குகின்றன. நாம் இழந்துவிட்ட அழகிய சொல். (நஞ்சு மிடற்றில் நின்றால் தெய்வத்துக்குப் பெருமை, சோறு நின்றால் மனிதருக்கு அவமானம்!)

இந்நோயின் எழுத்து வரலாறு 1674இல் தொடங்குகிறது. இங்கிலாந்து மருத்துவர் தாமஸ் வில்லிஸ், உண்டதெல்லாம் எதிர்த்து வரும் ஒருவருக்கு, திமிங்கில எலும்புத் தண்டின் நுனியில் கடற்பஞ்சைக் கட்டிக் கொடுத்தார். அம்மனிதர் ஏறத்தாழ 15 ஆண்டுகள் ஒவ்வொரு வேளையும் அதைத் தொண்டைக்குள் செலுத்தி, உணவை இரைப்பைக்குள் தள்ளியே உயிர் வாழ்ந்தார். அவருடைய பெயரை எவரும் நினைவில் வைத்திருக்கவில்லை.

19ஆம் நூற்றாண்டின் மருத்துவர்கள் இதை இரைப்பை வாயிலின் இழுப்பு என்று கருதினர். 1920களில் லண்டன் மருத்துவர் ஆர்தர் ஹர்ஸ்ட் அதை மறுத்தார். வாயில் இறுக்கிக்கொள்ளவில்லை, தளர மறுக்கிறது என்றார். அகலேசியா என்ற கிரேக்கச் சொல்லுக்குத் தளராமை என்பதே பொருள். சொல் மாறியதும் நோயைப் பார்க்கும் பார்வையும் மாறியது. உணவுக்குழாய்ச் சுவரின் தசை அடுக்குகளுக்கிடையே ஒரு நரம்பு வலை இருக்கிறது. அதில் தளர்த்தும் ஆணையிடும் நரம்பணுக்கள் அழிந்துவிடுகின்றன. மேலே அலையலையாகத் தள்ளும் இயக்கமும் ஓய்கிறது. சுமார் 25 செ.மீ. நீளமுள்ள குழாய், வடியாத உணவின் பாரத்தால் விரிந்துகொண்டே போகிறது. எக்ஸ்ரே படத்தில் மேலே அகன்று, கீழே பறவையின் அலகு போலக் கூம்பி நிற்கும். கவனிக்காமல் விட்டால் விட்டம் 6 செ.மீ.க்கு மேலும் பெருகும். குழாய் நீண்டு, நேராக நிற்க இடமின்றி உதரவிதானத்தின் மேல் பாம்பு போல் மடிந்து படுக்கும். இரவில் தேங்கிய உணவு மூச்சுக்குழலுக்குள் கசிந்து இருமலாகும். எங்கள் நண்பர் முதலில் மருந்து வாங்கியதும் அந்த இருமலுக்குத்தான்.

நரம்பணுக்கள் ஏன் அழிகின்றன? தென் அமெரிக்காவில் ஒரு காரணம் தெரியும்: 1909இல் பிரேசிலில் கார்லோஸ் சாகஸ் கண்டறிந்த ஒட்டுண்ணி நோய், இதே நரம்பு வலையைச் சிதைக்கிறது. மற்ற இடங்களில், உடல் தன்னையே தாக்கிக்கொள்கிறது என்ற ஐயம் வலுத்திருக்கிறது. உறுதியான விடை இல்லை.

1913இல் லைப்சிக் நகரில் எர்ன்ஸ்ட் ஹெல்லர், உட்சவ்வைத் தொடாமல் தசையை மட்டும் கீறி வாயிலைத் திறந்தார். 2008இல் ஜப்பானில் ஹருஹிரோ இனோவே அதே கீறலை, வெளியே வெட்டாமல், வாய்வழி உள்நோக்கிக் கருவியால் செய்தார். இரண்டுமே இறந்த நரம்பை உயிர்ப்பிப்பதில்லை. கதவைக் கழற்றி வைப்பது போலத்தான்; அதன்பின் உணவு பெரும்பாலும் தன் எடையாலேயே இறங்க வேண்டும். பெரிதும் விரிந்து மடிந்துவிட்ட குழாய் பழைய வடிவுக்கு முழுதாகத் திரும்புவதும் அரிது.

நண்பருக்குக் குழாய் மடியும் முன்பே கீறல் நடந்தது. மறுமுறை திருத்தணியில் அவர் நிமிர்ந்து அமர்ந்து, ஒவ்வொரு கவளத்துக்கும் ஒரு மிடறு வெந்நீர் குடித்துப் பொங்கலை உண்டார். முக்கால் மணி நேரம் ஆயிற்று. நாங்கள் காத்திருந்தோம்.